வெள்ளிமலைக் காற்றுக்கு வைத்த புள்ளி

"இலக்கியா, வயது 30, த/பெ அம்மாசி, ரிஷிவந்தியம் ஒன்றியம். கல்வி: பத்தாம் வகுப்பு. பதவி: அலுவலக உதவியாளர். பணிகள்: கோப்புகளை எடுத்து வைத்தல், நகலெடுத்தல், தேநீர் வாங்கி வருதல். மேற்படியார் தொழில்நுட்ப அறிவு ஏதும் இல்லாதவர். விதைக் கிடங்கின் குளிரூட்டல் வடிவமைப்பில் இவருக்குப் பங்கு இல்லை என்பதால் இவரை விசாரிக்கும் தேவை எழவில்லை."

விசாரணைக் குழுவின் வரைவறிக்கை, பதினோராம் பக்கம், நான்காம் பத்தி. இதில் அப்பா பெயர் சரி, ஒன்றியம் சரி. வயதில் ஒன்று குறைவு. தேநீர் வாங்கி வந்ததும் உண்மைதான். மூன்றரை மணிக்கு எல்லோருக்கும் அவள்தான் வாங்கி வருவாள். ஆனால் மூன்றேகால் வரைக்கும், பிறகு நாலு மணியிலிருந்து கடை சாத்தும் வரைக்கும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைப் பற்றி அறிக்கை மூச்சு விடவில்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் காசிநாதனின் ஏசி கடை இருக்கிறது. கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போடுகிற குடும்பம். தொழிலுக்கு வந்த பிறகும் அவர் கரும்புக்காரர் மாதிரியேதான் கணக்குப் போடுவார். நூறு சதுர அடிக்கு ஒரு டன். கல்யாண மண்டபமா, நகைக்கடையா, பல் டாக்டர் அறையா என்றெல்லாம் பார்க்க மாட்டார். அறையை எட்டு வைத்து அளந்துவிட்டு டன்னைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் தொல்லை. பெரும்பாலும் சரியாக இருப்பவர்களிடம் எதையும் விளக்க முடியாது.

பெரிய வேலைகளுக்கு மட்டும் டன் கணக்கு போதாது. சைக்ரோமெட்ரிக் சார்ட் என்று ஒரு தாள் இணைக்க வேண்டும். காசிநாதன் அதை சைக்கோ சார்ட் என்பார். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நேர்கோடு, சாய்கோடு, வளைகோடு என்று முந்நூறு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். விஷயம் என்னவோ எளிது. அடிக்கோட்டில் வெப்பம். வலது ஓரத்தில், ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் கரைந்திருக்கிறது என்ற கணக்கு. இடது பக்கம் மலைச்சரிவு போல ஏறும் வளைவு, நூறு சதவீத ஈரம். அந்த வளைவைத் தாண்டி இடப்பக்கம் போகக் காற்றுக்கு வழியில்லை; மீறிப் போனால் தண்ணீராகச் சொட்டிவிட வேண்டியதுதான். உலகத்துக் காற்று முழுக்க அந்தத் தாளில் ஏதாவது ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கும். அந்தப் புள்ளியைச் சரியாக வைக்கத் தெரிந்தவர் கள்ளக்குறிச்சியில் எத்தனை பேர் என்று தெரியாது. காசிநாதன் கடையில் ஒருத்தி.

அந்த ஒருத்தி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். மூன்று வருடமும் எல்லாத் தாளிலும் தேறியவள் ஒரே ஒரு தாளில் தவறினாள். அந்தத் தாளின் பெயர் குளிர்பதனமும் குளிரூட்டலும். பரீட்சைக் கூடத்தில் கொடுத்த சார்ட், நகலின் நகலுக்கு நகல். கோடு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் தெரிந்த மாதிரி ஏதோ எழுதினார்கள். இவள் "கோடு தெரியவில்லை" என்று எழுதினாள். அது சரியான விடை, மதிப்பெண் கிடையாது. மறுதேர்வன்று அப்பா அம்மாசி கரும்பு லோடிலிருந்து விழுந்தார். அதற்கடுத்த தடவை தங்கச்சி கல்யாணம். அதற்கும் அடுத்த தடவை பாடத்திட்டமே மாறிப்போனது. டிப்ளமோ இல்லாததால் அவள் பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு என்பதால் அலுவலக உதவியாளர். கணக்கு அவள் போடுவாள். சேலத்தில் ஒரு பதிவு பெற்ற பொறியாளர், பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புவார். அவருக்கும் அது வசதி, பார்த்தால் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஐப்பசியில் வெள்ளிமலை வேலை வந்தது. மலைக்காரர்களின் சிறுதானியச் சங்கத்துக்கு வெளியூர் நிறுவனமொன்று விதைக் கிடங்கு கட்டிக் கொடுக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு. அறுபத்திரண்டு குடும்பங்களின் அடுத்த வருட விதைப்பு. சங்கத்தார் கேட்டது எலி புகாத அறை. நிறுவனத்தின் திட்டத்தில் எலி புகாத அறை என்று ஒரு தலைப்பு இல்லை, குளிர்பதனக் கிடங்கு என்றுதான் இருந்தது. ஆகவே குளிர்பதனக் கிடங்கு.

இலக்கியா காலைப் பேருந்தில் மலையேறினாள். கையில் ஒரு கருவி. இரண்டு தெர்மாமீட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, கைப்பிடி வைத்தது. அதைச் சுழற்ற வேண்டும். காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணி சீக்கிரம் உலர்ந்து அந்தத் தெர்மாமீட்டர் இறங்கும். காற்று நனைந்திருந்தால் இரண்டும் ஒரே எண்ணில் நிற்கும். சாரலில் நின்று அதைச் சுழற்றிக்கொண்டிருந்தவளைக் கிடங்கு காக்கப் போகிற பச்சையம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் யூரியா சாக்கு மடித்துக் கவிழ்த்திருந்தாள்.

"இன்னா பாப்பா, கிலுகிலுப்ப ஆட்டிக்கினு நிக்கிற? கொழந்தய எங்க வுட்டுட்டு வந்த?"

"காத்துல எவ்ளோ தண்ணி இருக்குதுன்னு பாக்குறேங்க்கா."

"அதுக்கு எதுக்கு இது? எஞ்சீலையத் தொட்டுப் பாரு. மூணு நாளா காயல."

இலக்கியா எண்களைப் பார்த்தாள். காய்ந்தது இருபது, ஈரமானது பத்தொன்பதரை. பச்சையம்மாளின் சேலையும் அதைத்தான் சொன்னது, தசமப் புள்ளி இல்லாமல்.

"எங்க வூட்ல வெதைய அடுப்புக்கு மேல பரண்ல வெப்போம்" என்றாள் பச்சையம்மாள். "கீழ இருந்து காங்க ஏறிக்கினே இருக்கும். வெதை வேர்த்துச்சின்னா செத்துச்சி. நீங்க இன்னாடான்னா ஐஸ் பொட்டியில வெக்கப் போறீங்க."

"நானும் சூடு பண்ணத்தான்க்கா போறேன். மொதல்ல குளுர வச்சி தண்ணியப் புழிஞ்சி எடுத்துட்டு, அப்பறம் சூடு."

"புழியறதுக்கு காத்து இன்னா சீலையா?"

"சீலதான்க்கா. அதே மாதிரிதான்."

பச்சையம்மாள் சிரித்தாள். நம்பிச் சிரித்தாளா, நம்பாமல் சிரித்தாளா என்று இலக்கியாவுக்கு விளங்கவில்லை. சூடாகக் கேழ்வரகுக் கூழ் கொடுத்து, போன் நம்பரும் வாங்கி வைத்துக்கொண்டாள். பேர் பதியத் தெரியாது. கடைசி நாலு எண்ணை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்தாள்.

கீழே வந்து இலக்கியா தாளை விரித்தாள். இருபதுக்கு நேரே, வளைவை ஒட்டினாற்போல் ஒரு பென்சில் புள்ளி. தொண்ணூற்றைந்து சதவீத ஈரம். விதைக்குத் தேவை அதே இருபது டிகிரி, ஆனால் ஐம்பது சதவீதம். வெப்பத்தில் வித்தியாசமே இல்லை. சாதாரண ஏசி அந்த அறைக்குள் நுழைந்தால், நமக்கு இங்கே வேலை இல்லை என்று சும்மா இருந்துவிடும். அது ஓடினால்தான் தண்ணீர் வடியும், வெயில் இருந்தால்தான் அது ஓடும். ஆகவே காற்றை ஒன்பது டிகிரிக்கு இறக்கிச் சொட்ட வைத்து, பிறகு ஒரு ஹீட்டரால் இருபதுக்கு ஏற்ற வேண்டும். அவள் கோட்டை அப்படித்தான் இழுத்தாள்: இடதுபக்கம் வளைவுக்கு, வளைவோடு சறுக்கிக் கீழே, அங்கிருந்து நேர் வலது.

காசிநாதன் தாளைப் பார்க்கவில்லை, பொருள் பட்டியலைப் பார்த்தார்.

"ம்மா இலக்கியா, இங்க வா. இன்னா இது? ஏசி ரூம்ல ஹீட்டரு?"

"அது ரீஹீட்டுங்க சார். மலையில ஈரம் ஜாஸ்தி, வெப்பம் கம்மி."

"மலையில அவனவன் ஸ்வெட்டர் போட்டுக்கினு திரியறான். அவனுக்கு ஏசி விக்கறதே நம்ம சாதன. அதுக்குள்ள ஹீட்டரையும் வச்சேன்னா, ஃபைலப் பாக்கறவன் என்னக் கீழ்ப்பாக்கம் அனுப்புவான்."

"ஹீட்டர் இல்லன்னா மெசினு ஓடாதுங்க சார்."

"மே மாசம் ஓடுமில்ல? ஊர்ல எவன்மா கார்த்திகைக்கு ஏசி கணக்கு போடறான்? மே மாசத்துக்குப் போடு. ஊர் ஊரா வெப்பம் போட்டு வச்சிருக்கானே, அந்தப் புக்குல இன்னா போட்டுருக்குது?"

"புக்குல வெள்ளிமலை இல்லைங்க சார். கீழ் ஊருங்கதான் இருக்குது."

"புக்குல இல்லாத ஊருக்கு எதுக்குத் தனிக் காத்து?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இலக்கியாவுக்கும் சிரிப்பு வந்தது. அதற்காக அவள் பிற்பாடு தன்னை மன்னிக்கவில்லை. காசிநாதன் கெட்டவர் இல்லை. குரலை இறக்கினார். "இந்த வேல முடியட்டும்மா. உனக்கு டிசைன் இன்ஜினியர்னு கார்டு அடிச்சித் தரேன். பேரோட. எத்தினி நாளைக்கு டீ வாங்கிக்கினு இருப்ப?"

கீழ் ஊர் மே மாத மத்தியானம் என்றால் வெப்பம் முப்பத்தொன்பது, ஈரத்துணி இருபத்தாறு. இலக்கியா அதைத் தாளில் தேடியபோது விரல் சற்று நின்றது. மலை ஐப்பசியும் சமவெளி மே மாதமும் ஏறக்குறைய ஒரே படுக்கைக் கோட்டில் இருந்தன. இரண்டிலும் கிலோவுக்குப் பதினைந்து பதினாறு கிராம் தண்ணீர். தண்ணீர் அதே தண்ணீர்தான். ஒன்றில் புழுதி பறக்கும், மற்றதில் சேலை காயாது. நடுவில் பத்தொன்பது கட்டம். அவள் ரப்பரை எடுத்து மலையை அழித்தாள், பத்தொன்பது கட்டம் தள்ளிக் கீழ் ஊரை வைத்தாள். அங்கிருந்து இழுத்த கோடு ஹீட்டரே கேட்கவில்லை. வடிவமைப்பு அழகாக, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிற மாதிரி வந்தது. சேலத்தில் கையெழுத்து விழுந்தது. கார்டு விழவில்லை, அச்சகத்துக்காரர் ஊரில் இல்லை என்று முதலில் சொன்னார்கள், பிறகு அதையும் சொல்லவில்லை.

மறுவருடம் ஏப்ரலில் கிடங்கு திறந்தது. கோடையில் இயந்திரம் நன்றாக ஓடியது, குழாய் வழியே தண்ணீர் கொட்டியது. வந்து பார்த்த நிறுவனத்தார் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கதவின் மேல் ஒரு பலகை: "கதவை எப்போதும் மூடி வைக்கவும்." பெயிண்டருக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததும் இலக்கியாதான்.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் போன் வந்தது.

"பாப்பா, மெசினு தூங்கிக்கினே இருக்குது. எப்பனா ஒருவாட்டி கொர்ருன்னுது, வுட்டுடுது."

"டப்பாவுல இன்னா காட்டுதுக்கா?"

"மேல பத்தொம்போது. கீழ தொண்ணூத்தி நாலு."

"வெதை?"

"சாக்குல கைய வுட்டா சில்லுனு ஒட்டுது. பூசண வாசன வருது. சங்கத்துல சொன்னா ஏசிக்காரனக் கேளுன்றான். அதான் ஒன்னக் கேக்கறேன்."

இலக்கியா காசிநாதனிடம் போனாள். பதினாறில் வைக்கச் சொல் என்றார். பதினாறில் வைத்தார்கள், சுவரும் வேர்த்தது. மறுபடி போனாள். வாரண்டி காகிதத்தை எடுத்து வரச் சொன்னார். அதற்குள் மலையிலிருந்து அடுத்த போன்.

"பாப்பா, நா ஒண்ணு கேக்கறேன், திட்டக் கூடாது. உள்ள கணப்பு வெக்கட்டா? பரணுக்குக் கீழ வெக்கற மாதிரி."

பீரோவிலிருந்து தாளை எடுத்தாள். பத்தொன்பது, தொண்ணூற்று நாலு. அங்கிருந்து நேர் வலது. பத்து டிகிரி போனால் ஈரம் ஏறக்குறைய பாதி, ஐம்பத்திரண்டு. அவள் ரப்பரால் அழித்த ஹீட்டரைத்தான் பச்சையம்மாள் மண்சட்டியில் கேட்கிறாள். ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"வைங்கக்கா. நல்லா கொறையும். ஆனா வெறகு வேணாம், கரி வைங்க. வெறகு எரிஞ்சா அதுல இருந்தே தண்ணி வரும். கரின்னா காஞ்ச சூடு."

அதுவும் சரிதான். விறகில் ஈரம் உண்டு, கரியில் இல்லை. புத்தகப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாத யோசனை. விறகாக இருந்திருந்தால் கண் எரிந்து, இருமி, திட்டிக்கொண்டே வெளியே ஓடி வந்திருப்பாள் பச்சையம்மாள். கரிக்குப் புகையும் இல்லை, வாசனையும் இல்லை. அடுப்புக்கு மேல் பரண் இருந்த கூரைவீட்டில் காற்று நூறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த அறையில் எலி மட்டுமல்ல, எதுவும் புக முடியாது, எதுவும் போக முடியாது. சார்ட்டில் முந்நூறு கோடு இருக்கிறது. கரி விடுகிற விஷக்காற்றுக்கு ஒரு கோடு இல்லை.

பத்து நாள் நன்றாகவே போனது. தினமும் ஒரு எண் வரும். எண்பது. எழுபத்தொன்று. அறுபத்துமூன்று. "வெதை கையில ஒட்டல பாப்பா, மணலாட்டம் கொட்டுது" என்றாள் ஒருநாள். சட்டியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள், அவ்வப்போது போய்ப் பார்ப்பாள். இயந்திரத்தோடு இருந்த ஒரு சின்ன விசிறி மட்டும் கொஞ்சம் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் காலையிலிருந்து மழை. கரண்ட் இல்லை, ஆகவே விசிறி இல்லை. ஈரம் மறுபடி ஏறுமே என்று இரண்டு சட்டி வைத்து, அடிச்சாக்கை மேலே, மேல்சாக்கைக் கீழே மாற்றப் பச்சையம்மாள் உள்ளேயே இருந்துவிட்டாள். கதவைப் பலகை சொன்னபடி மூடிக்கொண்டாள். சோற்று நேரத்துக்கு வரவில்லையே என்று கணவன் சின்னராசு தேடிப் போனபோது, ஒரு சாக்கின்மேல் தலை வைத்துத் தூங்குகிற மாதிரி கிடந்தாள்.

மூன்றாம் நாள் காசிநாதன் ஜீப்பில் மாலை வாங்கிக்கொண்டு போனார். இலக்கியாவையும் கூட்டிப் போனார். பொம்பள செத்த வீட்டில் போய் நிற்க ஒரு பொம்பள வேண்டும். சின்னராசு அழவில்லை. காசிநாதன் போன் பேச வெளியே போன நேரத்தில் இவளிடம் வந்தார்.

"தாயி, ஒங்க ஆபீசுல போன்ல ஒரு பாப்பா சொல்லுச்சின்னு சொல்லிக்கினே இருந்தா. வெறகு வெக்காத, கரி வையின்னு. அது யாருன்னு கேட்டுச் சொல்றியா? சண்டைக்கி இல்ல. இவளா வச்சாளா, யாராச்சும் சொல்லி வச்சாளான்னு ஊர்ல கேக்கறாங்க."

"கேக்குறேங்க" என்றாள் இலக்கியா.

அந்த ஒரு சொல்லோடு கீழே இறங்கி வந்துவிட்டாள். மலைப்பாதை வளைவுகளில் காசிநாதன் பேசிக்கொண்டே வந்தார்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். முதல் வேலையாகக் கிடங்குக்கு முத்திரை வைத்தார்கள். சாட்சியம் கலையக் கூடாது என்று கரண்டையும் துண்டித்தார்கள். ஐம்பது நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது மணலாட்டம் கொட்டிய விதையெல்லாம் கறுத்துக் கட்டிதட்டிப் போயிருந்தது. அறிக்கை இதைப் பார்த்து, தீ மூட்டியதால் விதை கெட்டது என்று முடிவு செய்தது. மலையிலும் அப்படியே பேச்சானது. அறுபத்திரண்டு வீட்டு விதையை ஒரு பொம்பள தீ வைத்துக் கெடுத்துவிட்டாள். சின்னராசு வீட்டில் ஊரார் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை என்று அங்கே போய்வந்த மெக்கானிக் சொன்னான்.

வரைவறிக்கை மாசி மாதம் கடைக்கு வந்தது. காசிநாதன் கலகலப்பாக இருந்தார்.

"தப்பிச்சோம் போ. டிசைன் சரி, புக்குப்படி இருக்குதுன்னு எழுதிட்டாங்க. பதினோராம் பக்கம் பாரு, உன்னயும் நானே காப்பாத்தி வுட்டேன். டீ வாங்கற பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்னுட்டேன். அஞ்சு செட்டு காப்பி எடு."

அலுவலக உதவியாளர் தன் பணியைச் செய்தாள். பதினோராம் பக்கத்தை எடுக்கும்போது கை நிற்கவில்லை. பதினான்காம் பக்கத்தில் நின்றது. "மேற்படி பச்சையம்மாள் தன் அறியாமையினால், எவருடைய அறிவுரையுமின்றி, குளிரூட்டப்பட்ட அறைக்குள் தீ மூட்டி, தன் உயிருக்கும் சங்கத்தின் விதைகளுக்கும் தானே கேடு விளைவித்துக்கொண்டார்." எவருடைய அறிவுரையுமின்றி. அவள் அந்தப் பக்கத்தை ஐந்துக்குப் பதில் ஆறாக எடுத்தாள்.

குழு ஒரு வாடகைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நடுவில் பகலவன், ஓய்வுபெற்ற பொறியாளர், குளிரூட்டலில் முப்பத்தைந்து வருடம். இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒருவர் எழுதுவார், ஒருவர் கடிகாரம் பார்ப்பார்.

"நீங்க யாரும்மா?"

"பதினோராம் பக்கம் சார்."

பகலவன் புரட்டிப் பார்த்தார். "உங்கள விசாரிக்க வேண்டியதில்லன்னு எழுதியிருக்கே."

"அந்தக் கணக்கு நான் போட்டது சார். கரி வெக்கச் சொன்னதும் நான்தான்."

கடிகாரக்காரர் சிரித்தார். பகலவன் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். "ஓனருக்காகப் பழி ஏத்துக்க வந்தியாம்மா? இது நீ நெனைக்கிற மாதிரி கூட்டல் கழித்தல் இல்ல. இன்ஜினியருங்களே தடுமாறுவாங்க." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டார், கண்ணாடித் தாள் ஒட்டிய பழைய சார்ட், ஓரமெல்லாம் பழுப்பு. "சரி, சொல்லு. இருபது டிகிரி. ஈரத்துணி பத்தொன்பதரை. எங்க இருக்கு?"

அவள் விரல் வைத்தாள்.

"ஈரப்பதம்?"

"தொண்ணூத்தஞ்சு சார்."

"தண்ணி எத்தன கிராம்?"

"இந்தத் தாள்ல பதினாலு சொச்சம். வெள்ளிமலைக்குப் பதினஞ்சரை."

"ரெண்டு விடை எப்படிம்மா?"

"உங்க தாள் கடல்மட்டத்துக்குப் போட்டது சார். மெட்ராசுக்குச் சரி. மலையில காத்து லேசு. அதே வெப்பத்துல கிலோவுக்குத் தண்ணி ஜாஸ்தி புடிக்கும்."

பகலவன் தாளைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தைப் படித்தார். ஆமாம், கடல்மட்டம். முப்பத்தைந்து வருடமாக அவர் அதைப் படித்ததில்லை போலும். முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நல்ல மாணவி கிடைத்த வாத்தியார் மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்தடுத்துக் கேட்டார், அவளும் சொன்னாள். எங்கே சொட்டத் தொடங்கும், எவ்வளவு இறக்க வேண்டும், எங்கிருந்து ஏற்ற வேண்டும். கால் மணி நேரம் அந்தக் கூடத்தில் யாரும் சாகவில்லை.

"அப்ப ஹீட்டர் இல்லாம அந்த ரூம் நிக்காது" என்றார் பகலவன், உற்சாகமாக.

"நிக்காது சார்."

"அது உனக்கு அப்பவே..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். எழுதுகிறவரும் பேனாவை நிறுத்தினார். பகலவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லும்மா. தெரியாதுன்னா நீ இந்த அறிக்கையில இல்லவே இல்ல. தெரியும்னா, நீ ஒருத்திதான் இருக்க."

"தெரியும் சார். மொதல்ல சரியாத்தான் வச்சேன். அப்பறம் அழிச்சிட்டேன். யாரும் என் கையப் புடிச்சி அழிக்கல."

"கரியில விஷக்காத்து வரும்னு?"

"அது தெரியாது சார்."

"இவ்வளவு தெரிஞ்ச உனக்கு அது தெரியாதா?"

அவளுக்கு நிஜமாகவே தெரியாமலிருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் அவர் நம்பவில்லை. தெரியும் என்று சொன்னதை நம்ப வைக்கக் கால் மணி நேரம் ஆனது. தெரியாது என்று சொன்னதை நம்ப வைக்க அவளிடம் தாள் ஏதும் இல்லை. எழுதுகிறவர் எழுதியதை நீட்டினார். அவள் வாசித்து, ஓரிடத்தில் பத்தொன்பது என்பது பதினெட்டு என்று இருந்ததைத் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அங்கிருந்து நேராகப் பேருந்து நிலையம் போய் மலை வண்டியில் ஏறினாள். சின்னராசு வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கிக் கேட்டீங்களே. அது நான்தாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீதானா?"

"நான்தாங்க. வெறகு வேணாம், கரி வைங்கன்னு சொன்னேன்."

"அப்ப அவளா வெக்கல."

"இல்லீங்க. என்னக் கேட்டுத்தான் வச்சாங்க."

சின்னராசு எழுந்து பக்கத்து வீட்டு வேலியருகே போனார். "கேட்டுக்க. இந்தப் பொண்ணு சொல்லித்தான் வச்சாளாம். நீ வந்து கேட்டுக்க" என்றார் சத்தமாக. பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். இலக்கியா வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசிப் பேருந்து வரும் நேரம் ஆனதும் நடந்தாள்.

இறுதி அறிக்கையில் பதினான்காம் பக்கம் மாறியது. "எவருடைய அறிவுரையுமின்றி" என்ற சொற்கள் நீங்கின. விதை கெட்டதற்குத் தீ காரணம் என்ற வரியும் நீங்கியது. முத்திரையும் துண்டித்த கரண்டும் காரணம் என்று எங்கும் எழுதப்படவில்லை. சேலத்துக் கையெழுத்துக்காரரை எச்சரித்தார்கள். காசிநாதன், தன் ஊழியர் தன்னை ஏமாற்றிவிட்டதாக வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்து, வேறு மாவட்டத்தில் வேறொரு கிடங்கு வேலையைத் தொடங்கினார். பொறுப்பானவர்கள் பட்டியலில் முதல் வரி: இலக்கியா, வடிவமைப்பாளர். அந்தப் பதவிப் பெயர் அவளுக்கு ஒரு காகிதத்தில் விழுந்தது அந்த ஒரு தடவைதான். அவள் மீது வழக்கு இருக்கிறது. இப்போது ரிஷிவந்தியம் பக்கம் அம்மாவோடு களை எடுக்கப் போகிறாள்.

வெள்ளிமலைக் காற்றை அவள் சரியாக அளந்தாள். அளந்ததை அழித்துவிட்டு வேறோர் ஊர்க் காற்றை வைத்தாள். ஒரு வருடம் கழித்துப் பச்சையம்மாளிடம் கரி வைக்கச் சொன்னாள். பச்சையம்மாள் செத்து நாலு மாதத்துக்குப் பின், யாரும் கேட்காதபோது, போய் அதைச் சொன்னாள்.